டெக்சாஸ் காற்றும் வாஷிங்டன் பேச்சும்



அறக்கட்டளைச் சொற்பொழிவில் முதல் கால் மணி நேரத்தை நன்றிக்கும் தன்னடக்கத்துக்கும் ஒதுக்குவது மரபு. நேரம் குறைவு என்பதால் இரண்டையும் இந்த ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் தூய ஆற்றலும் அரசியலும் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐம்பது மாநிலங்களையும் ஒரு மாலைப்பொழுதில் சுற்றிக்காட்டுவது ஆகிற காரியமில்லை. டெக்சாஸைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். நடுவில் மசாசூசெட்ஸ் கடற்கரைக்கு ஒரு நடை போய்விட்டு, கடைசியில் வாஷிங்டனுக்கு வருவோம்.

2021 பிப்ரவரி நடுவில் டெக்சாஸைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. வெயிலுக்குப் பழகிய ஊர்களில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. பல வீடுகளில் நாள்கணக்கில் வரவில்லை. மாநில சுகாதாரத்துறைக் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். குளிரில் விறைத்தவர்கள், காரை ஓடவிட்டு அதன் சூட்டில் உட்கார்ந்து நச்சுப் புகையில் மாண்டவர்கள், மூச்சுக்கருவி நின்றுபோன நோயாளிகள் எல்லாம் அதில் உண்டு. அந்த இருட்டுக்கு நடுவே, பிப்ரவரி 16 அன்று, ஆளுநர் கிரெக் ஆபட் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் ஷான் ஹானிட்டியின் நிகழ்ச்சியில் தோன்றினார். காற்றாலையும் சூரிய மின்சாரமும் நின்றுபோனதுதான் மாநிலத்தை இந்த நிலைக்குத் தள்ளியது, பசுமைப் புதிய ஒப்பந்தம் வந்தால் நாடே இப்படித்தான் ஆகும் என்ற பொருளில் பேசினார். அந்த ஒப்பந்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட வெறும் தீர்மானம். சட்டமாக ஒருநாளும் ஆனதில்லை. இல்லாத சட்டம் ஒன்று டெக்சாஸின் விளக்குகளை அணைத்துவிட்டது!

அதே நாட்களில் ஒரு படம் கைப்பேசிகளில் பறந்தது. உறைந்த காற்றாலை இறக்கையின்மேல் ஹெலிகாப்டர் ஒன்று எதையோ பீய்ச்சிக்கொண்டிருக்கும். டெக்சாஸின் கதி இது என்று எழுதிப் பகிர்ந்தார்கள். அது பல ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனில் எடுத்த படம். ஸ்வீடனின் குளிரில் காற்றாலைகள் ஆண்டுதோறும் ஓடுகின்றன என்பதை அந்தப் படத்தைப் பகிர்ந்த யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மின்சாரம் உண்மையில் ஏன் போனது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி இதற்கு ஒதுக்கிய நேரம் சொற்பம்.

காற்றாலைகளும் உறைந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குளிர்காலத்தில் காற்றிலிருந்து அதிகம் வராது என்று மின்கட்டமைப்பு நிர்வாகமான எர்காட் ஏற்கெனவே குறைவாகத்தான் கணக்குப் போட்டிருந்தது. நம்பியிருந்தது எரிவாயுவை. மத்திய ஒழுங்குமுறை அமைப்புகள் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பழுதான மின்னாக்கி அலகுகளில் பாதிக்கு மேல் எரிவாயு அலகுகள் என்று கண்டன. கிணற்றுத் தலையிலேயே எரிவாயு உறைந்தது. நிலக்கரி நிலையங்களும் தடுமாறின. தெற்கு டெக்சாஸ் அணுமின் நிலையத்தில் இரண்டு உலைகளில் ஒன்று, நீரேற்றும் பம்பின் அழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு குழாய் உறைந்ததால் தானாக நின்றுவிட்டது. ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தரும் உலை. அதை நிறுத்தியது போர்வை போர்த்தாமல் விட்ட ஒரு குழாய்.

இன்னொன்று கேளுங்கள். எரிவாயுவைக் குழாயில் தள்ளும் அமுக்கிகள் பல இடங்களில் மின்சாரத்தில் ஓடுபவை. 'எங்களுக்கு மின்வெட்டுக் கூடாது, நாங்கள் அத்தியாவசியம்' என்று மின் நிறுவனத்திடம் ஒரு படிவம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பலர் கொடுக்கவில்லை. மின்வெட்டு தொடங்கியதும் அந்த அமுக்கிகளும் நின்றன. எரிவாயு குறைந்தது, அதனால் மின்சாரம் இன்னும் குறைந்தது, அதனால் இன்னும் வெட்டு. ஒரு காகிதம் போகாததால் வந்த வினை இது. 2011 பிப்ரவரியிலும் இப்படி ஒரு குளிர் வந்து மின்வெட்டு வந்தது. அப்போதே குளிர்காப்புச் செய்யுங்கள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். கட்டாயமாக்காததால் அறிக்கை அலமாரியில் இருந்தது.

பிப்ரவரி 15ஆம் தேதி, நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில், கட்டுப்பாட்டு அறையில் நடந்தது இதைவிட அச்சம் தருவது. அமெரிக்க மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். தேவைக்கும் வரத்துக்கும் இடைவெளி விழுந்தால் அது சரியும். அன்று 59.4க்குக் கீழே இறங்கி, 4 நிமிடம் 23 வினாடி அங்கேயே நின்றது. ஒன்பது நிமிடம் நின்றிருந்தால் மின்னாக்கிகள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள வரிசையாகக் கழன்றிருக்கும். முழுக் கட்டமைப்பும் விழுந்திருந்தால் திரும்பத் தூக்கி நிறுத்த வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம். பணியாளர்கள் ஊர் ஊராக வெட்டித்தான் அதைக் காப்பாற்றினார்கள். மீதி இருந்தது 4 நிமிடம் 37 வினாடி.

அண்டை மாநிலத்திலிருந்து மின்சாரம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்க முடியாதபடி டெக்சாஸ் தன்னைத் தானே தனியாக வைத்துக்கொண்டிருக்கிறது. 1935இன் மத்திய மின்சாரச் சட்டம் மாநில எல்லை தாண்டும் மின்சாரத்தை வாஷிங்டனின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. எல்லை தாண்டாவிட்டால் வாஷிங்டன் தலையிடாது என்று டெக்சாஸ் மின் நிறுவனங்கள் கம்பியை எல்லையோடு நிறுத்திக்கொண்டன. சில சிறிய இணைப்புகள் மட்டுமே விதிவிலக்கு. மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் எல் பாசோ நகரம் மேற்கத்திய மின்கட்டமைப்பில் சேர்ந்தது. அதே புயலில் அங்கே பெரிய மின்வெட்டு இல்லை. அதற்குப் பிறகும் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி, மத்திய அரசைத் தள்ளி வைப்பதற்காக டெக்சாஸ் மக்கள் மூன்று நாளுக்கு மேலும் இருட்டில் இருக்கத் தயார் என்று சொன்னார். சொன்னவர் அதற்குச் சிறிது காலம் முன்புவரை அதே மத்திய அரசின் எரிசக்தித் துறை அமைச்சர்!

சரி, ஆளுநர் ஆபட் திட்டித் தீர்த்த காற்றாலைகளை நட்டது யார்? பசுமைக் கட்சிக்காரர்களா, கலிபோர்னியாவிலிருந்து வந்தவர்களா? அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சிதான்.

1996க்கும் 1998க்கும் இடையில் டெக்சாஸ் மின் நிறுவனங்கள் எட்டு, வாடிக்கையாளர் கருத்தைக் கேட்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தன. அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் வகுத்த முறையில் கேட்டார்கள். குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த சாதாரண மக்களை ஒரு வார இறுதிக்குக் கூட்டினார்கள். நிலக்கரி, எரிவாயு, காற்று, சிக்கனம் ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, என்ன கேடு என்று எல்லாத் தரப்பு வல்லுநர்களையும் கேள்வி கேட்க விட்டார்கள். உள்ளே வரும்போது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணம் தரத் தயார் என்றவர்கள் சராசரியாக 52 விழுக்காடு. பேசி முடித்து வெளியே போகும்போது 84 விழுக்காடு. எண்ணெய் மாநிலத்து மக்கள் இவர்கள். கத்தாமல், எதிராளியை எள்ளாமல், இரண்டு நாள் உட்கார்ந்து பேசியதில் விளைந்த எண் இது. அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல செய்திகளில் இதை முதலில் வைப்பேன். நம்மில் பலரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதும் ஒரு செய்திதான்.

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1999இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் மின்சந்தைச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பின்னாளில் அதிபரான அதே புஷ்தான். 2009க்குள் 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. இலக்கு சில ஆண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. பின்னாளில் கணக்கு மோசடியில் கவிழ்ந்த என்ரான் நிறுவனமும் இதற்கு ஆதரவாக நின்றது. அது அப்போது காற்றாலை தயாரிக்கும் ஒரு கிளையையும் வைத்திருந்தது. ஆக, இந்த வரலாற்றில் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

பிறகு வந்தது கோழியா முட்டையா என்ற சிக்கல். காற்று வீசுவது மேற்கே, ஆளரவமற்ற சமவெளியில். மின்சாரம் வேண்டியது டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோவில். கம்பி இல்லாத இடத்தில் ஆலை கட்ட எந்த வங்கியும் கடன் தராது. ஆலை இல்லாத இடத்துக்குக் கம்பி இழுக்க எந்த ஒழுங்குமுறை ஆணையமும் ஒப்பாது. இருக்கிற கம்பியில் நெரிசல் ஆகி, மேற்கே சில நேரங்களில் மின்சாரத்தின் விலை சுழியத்துக்கும் கீழே போனது. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்களே காசு தருகிறோம் என்கிற நிலை. மத்திய அரசின் வரிச்சலுகை உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிடைப்பதால் அப்படிக் கொடுத்தாலும் ஆலைக்கு நட்டமில்லை.

2005இல் ரிக் பெர்ரி கையெழுத்திட்ட சட்டம் இதை வெட்டியது. காற்று வளம் உள்ள மண்டலங்களை அரசே குறிக்கும். அங்கே கம்பி முதலில் போகும். செலவை மாநிலத்தின் மின் நுகர்வோர் எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். சுமார் 3,600 மைல் நீளத்துக்கு உயர் அழுத்த மின்பாதை, ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவு, 2014 தொடக்கத்துக்குள் வேலை முடிந்தது. கம்பி போனதும் ஆலைகள் தாமாக வந்தன. 2006இலேயே கலிபோர்னியாவைத் தாண்டிவிட்ட டெக்சாஸ் அதன் பிறகு எந்த மாநிலமும் எட்டிப்பிடிக்க முடியாத இடத்துக்குப் போனது. 2020இல் எர்காட் கட்டமைப்பில் காற்று மின்சாரம் நிலக்கரியை முந்தியது. பூமியைக் காப்போம் என்று யாரும் மேடை போட்டுப் பேசாமல் நடந்த காரியம். செலவைப் பொதுவில் போட்டு அரசே கம்பி இழுப்பதைச் சோஷலிசம் என்று சொல்லக்கூடிய கட்சிதான் அதைச் செய்தது. பெயர் மட்டும் வைக்கவில்லை.

மேற்கு டெக்சாஸில் ராஸ்கோ என்று ஒரு சிற்றூர். நோலன் கவுண்டியில் இருக்கிறது. மானாவாரிப் பருத்தி விளையும் பூமி. காற்று என்றால் அங்கே பயிர்மேல் புழுதி வாரிப் போடும் சனியன்தான். 2009இல் அந்த ஊரைச் சுற்றி 627 காற்றாலைகள், 781.5 மெகாவாட் திறனில் நின்றன. அன்றைக்கு உலகிலேயே பெரிய காற்றாலைத் தொகுதி, உரிமையாளர் ஈ.ஆன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கிளை. கோபுரத்தடியில் கொஞ்ச இடமும் பாதைக்குக் கொஞ்சமும் போக மீதி நிலத்தில் பருத்தியே விளைந்தது. நிலக்காரருக்குக் குத்தகையும், விற்கும் மின்சாரத்தில் ஒரு பங்கும். 2011இன் கொடும் வறட்சியில் மேற்கு டெக்சாஸ் பருத்தி கருகியபோது காற்று நிற்கவில்லை.

இந்தக் குத்தகை ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும். என் பேச்சின் மையமே அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காற்றாலைக் குத்தகைகளில் பொதுவாக ஓர் இரகசிய விதி இருக்கும்: எவ்வளவு தருகிறோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது. ஆக, ஆதாயம் பெறுகிறவர் வாயைத் திறப்பதில்லை. அவர் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கோபுரம் இல்லை, பணமும் இல்லை. இரவெல்லாம் கண் சிமிட்டும் சிவப்பு விளக்குகள் மட்டும் உண்டு. கவுண்டிக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர் இவர்தான். தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கியை நீட்டுவதும் இவரிடம்தான். வயலில் பணமாக இருக்கும் ஒரு பொருள் ஊர்ப் பேச்சில் தொல்லையாக மட்டுமே தெரிவது இப்படித்தான். கம்பி இழுத்த அரசியல்வாதிகளும் இதைத் தங்கள் சாதனை என்று உரக்கச் சொல்லவில்லை. சொன்னால் எதிர்க்கட்சியின் பாட்டைப் பாடியது போலாகிவிடும் என்று பயம்.

மறுபக்கம் எப்படி என்று பார்க்க மசாசூசெட்ஸுக்கு வாருங்கள். 2001இல் நான்டக்கெட் வளைகுடாவில், கரையிலிருந்து சில மைல் தொலைவில், நூற்றுக்கு மேற்பட்ட காற்றாலைகள் நிறுவும் கேப் விண்ட் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதல் கடல் காற்றாலைத் தொகுதியாக இருந்திருக்கும். ஜனநாயகக் கட்சியின் கோட்டை. சுற்றுச்சூழல் பற்றுள்ள, படித்த மக்கள். எதிர்த்தவர்களில் முதல்வரிசையில் நின்றவர் செனட்டர் எட்வர்ட் கென்னடி. அந்தக் கடலைப் பார்த்தபடிதான் அவர் குடும்ப வீடு இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞராகப் புகழ்பெற்றிருந்த ராபர்ட் கென்னடி ஜூனியரும் எதிர்த்து எழுதினார். எதிர்ப்பு இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவர் நிலக்கரித் தொழில் செய்த வில்லியம் காக். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். இங்கே ஊர் ஒன்றுபட்டுவிட்டது. கென்னடியும் காக்கும் ஒரே கரையில்! 2010இல் மத்திய அரசு அனுமதி கொடுத்தும் பயனில்லை. வழக்குகள் இழுத்தன. 2015 தொடக்கத்தில் மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் விலகின. 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கோபுரம்கூட நிற்கவில்லை.

எதிர்ப்பாளர்கள் கையிலெடுத்த ஆயுதங்களில் ஒன்று, 1970 ஜனவரி 1 அன்று ரிச்சர்ட் நிக்சன் கையெழுத்திட்ட தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். நெடுஞ்சாலையும் அணையும் எண்ணெய்க் குழாயும் கண்மூடித்தனமாக வராமல் தடுக்க எழுதிய சட்டம் அது. மத்திய அரசின் அனுமதியோ பணமோ நிலமோ வேண்டிய பெரிய திட்டம் எதற்கும் பாதிப்பு அறிக்கை வேண்டும்; அறிக்கையில் குறை இருந்தால் நீதிமன்றம் போகலாம். காலப்போக்கில் அறிக்கைகள் தடித்தன. நியூ மெக்சிகோவின் காற்று மின்சாரத்தை அரிசோனாவுக்குக் கொண்டுபோகும் சன்சியா மின்பாதைக்கு அனுமதி வாங்கி 2023இல் வேலை தொடங்க 15 ஆண்டுகள் ஆயின. இதில் எல்லா எதிர்ப்பையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். சான் பெட்ரோ பள்ளத்தாக்கு எங்கள் முன்னோர் இடம் என்று வழக்குப் போட்ட டொஹோனோ ஓதம் பழங்குடியினரும், மாடியிலிருந்து தெரியும் கடல் கெட்டுவிடும் என்றவர்களும் ஒன்றல்ல. சட்டத்தின் கதவு இருவருக்கும் ஒரே மாதிரி திறக்கிறது என்பதுதான் சங்கடம். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. இந்தச் சட்டம் அங்கே அதிகம் குறுக்கிடவில்லை. அவர்கள் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வாஷிங்டன். 2022 ஆகஸ்டில் பைடன் ஆட்சி கொண்டுவந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், பெயருக்குச் சம்பந்தமில்லாமல், அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய தூய ஆற்றல் சட்டம். செனட்டில் 50க்கு 50. துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கில் 51. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குக்கூட இல்லை. ஆனால் அந்தப் பணத்தை நம்பி வந்த தொழிற்சாலைகளில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்கே போனது. ஜார்ஜியாவில் கம்பள ஆலைகளுக்குப் பேர்போன டால்டனில் சூரியத் தகடு ஆலை விரிந்தது. அப்போதைய தொகுதி உறுப்பினர், தூய ஆற்றலைக் கேலி செய்வதில் முன்னணியில் நின்ற மார்ஜரி டெய்லர் கிரீன். தொழிற்சாலை வந்தால் வாக்கு மாறும் என்று கணக்குப் போட்டுத்தான் ஜனநாயகக் கட்சியினர் சட்டத்தை அப்படி எழுதினார்கள்.

கணக்கு பலிக்கும் போலத்தான் இருந்தது. 2024 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 18 பேர், வரிச்சலுகைகளை அடியோடு வெட்ட வேண்டாம் என்று சபாநாயகர் மைக் ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். முன்னின்றவர் நியூயார்க்கின் ஆண்ட்ரூ கார்பரினோ. 2025 மே 22 விடியற்காலையில் டிரம்ப்பின் பெரிய மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. சலுகைகளை வெட்டும் மசோதா. 215க்கு 214 என்று நிறைவேறியது. கார்பரினோ வாக்களிக்கவில்லை. கொள்கை எதிர்ப்பு என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் தூங்கிப்போய்விட்டார் என்று சபாநாயகரே சொன்னார். ஜூலையில் இறுதி வாக்கெடுப்பின்போது விழித்திருந்து ஆதரித்தார்.

ஏன் இப்படி? தொழிற்சாலை தருவது சம்பளம். ஓர் உறுப்பினர் பயப்படுவது கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலுக்கு. அங்கே வாக்களிப்பவர்கள் இரவெல்லாம் தொலைக்காட்சியில் கேட்பது, காற்றாலை எதிரியின் சின்னம் என்ற பேச்சை. ஜனநாயகக் கட்சி தரப்பும் இதில் கை கழுவ முடியாது. தூய ஆற்றலைத் தங்கள் ஒழுக்கத்தின் அடையாளமாக அணிந்துகொண்டு, அதை ஏற்காதவர்களை அறிவிலிகள் என்று சொல்லியே பழக்கிவிட்டார்கள். ராஸ்கோ விவசாயிக்கு அவர்கள் மேடையில் நாற்காலி போட்டதாக எனக்கு நினைவில்லை.

அதே 2025 வசந்தத்தில் டெக்சாஸ் சட்டமன்றத்திலும் ஒரு போர் நடந்தது. காற்றுக்கும் சூரியனுக்கும் மட்டும் தனி அனுமதி, கூடுதல் இடைவெளி, கூடுதல் கட்டணம் என்று மசோதாக்கள். மாநில செனட் நிறைவேற்றிவிட்டது. என் நிலத்தில் எதை நடலாம் என்று சொல்ல அரசு யார் என்று நிலக்காரர்களும், கோடைக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று தொழில் அமைப்புகளும் கேட்டார்கள். ஜூன் தொடக்கத்தில் கூட்டத்தொடர் முடிந்தபோது மசோதாக்கள் கீழவையில் செத்துக் கிடந்தன. 2023இலும் இதேதான் நடந்தது. உள்ளூரில் குத்தகைப் பத்திரம் பேசியது.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 3 அன்று, வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை டிரம்ப் மசோதாவை 218க்கு 214 என்று நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர். ஒருவர் கென்டக்கி, இன்னொருவர் பென்சில்வேனியா. டெக்சாஸிலிருந்து ஒருவரும் இல்லை. செனட்டில் அயோவாவின் சக் கிராஸ்லியும் ஆதரித்தார். 1992இல் காற்றாலை வரிச்சலுகையைச் சட்டத்தில் சேர்த்தவர் அவர்தான். தன் மாநில மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். வாக்களித்து ஒரு மாதம் கழித்து, வேலை தொடங்கிய திட்டங்களுக்காவது சலுகை நிற்க வேண்டும் என்று நிதித்துறை நியமனங்களைத் தடுத்து வைத்துப் பேரம் பேசினார். 2026 ஜூலை 4க்குள் கட்டுமானம் தொடங்காத காற்றாலையும் சூரிய ஆலையும் 2027 முடிவதற்குள் மின்சாரம் தந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சலுகை கிடையாது என்பது அந்தச் சட்டத்தின் விதி. அதை எழுதி நிறைவேற்றியது டெக்சாஸில் கம்பி இழுத்த அதே கட்சி.